கத்தி பட்ட வயிற்றுக்கும் அதே பத்தியமா?

குழந்தை பிறந்த செய்தி கிடைத்ததும் புக்கிட் காத்தில் வட்டாரத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, ஆணா பெண்ணா. அடுத்த கேள்வி, நார்மலா ஆபரேஷனா. இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்துத் தாய்க்கு மார்க் போட்டுவிடுகிறார்கள். நார்மல் என்றால் "கெட்டிக்காரி". ஆபரேஷன் என்றால் ஒரு சின்ன மௌனம், பிறகு "அதனால என்ன, பிள்ளை நல்லாயிருக்குல்ல". வயிற்றில் நாலைந்து அங்குலத் தையலோடு படுத்திருப்பவளுக்கு அந்த மௌனத்தின் பொருள் நன்றாகவே புரிகிறது.

இந்தப் பேச்சாவது ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். எனக்குப் பெரிய கவலை வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சுகப்பிரசவத் தாய், சிசேரியன் தாய் இருவருக்கும் ஒரே குளியல், ஒரே பத்தியம், ஒரே வயிற்றுக்கட்டு. பாட்டி தன் மகளுக்குச் செய்ததையே பேத்திக்கும் செய்கிறார். அந்தக் கைகளின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் கற்ற முறைகள் எல்லாம் அறுவை என்பதே அரிதாக இருந்த காலத்தில், லயத்து அறையில் பிள்ளை பெற்ற உடம்புக்காக ஏற்பட்டவை. சிசேரியன் தாய்க்கு அவற்றில் சில பொருந்தும், சிலவற்றை மாற்ற வேண்டும், ஒன்றிரண்டை விட்டே ஆக வேண்டும். எது எது என்பதை வீட்டில் உட்கார்ந்து யாரும் பேசுவதில்லை.

ஜாசின், மெர்லிமாவ், பத்தாங் மலாக்கா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைப்பேறு பார்த்தவர் லயத்திலேயே இருந்த மருத்துவச்சி, அல்லது பக்கத்துக் கம்பத்து மலாய் பிடான். கை மீறிப் போனால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர். அவராலும் முடியாவிட்டால் கிடைத்த வண்டியில் டவுன். 1957இல் மலாயாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தார்கள். 2019இல் மலேசியாவில் அது 21 அளவுக்கு இறங்கியது. பயிற்சி பெற்ற தாதியர், ரத்த வங்கி, தொற்றைத் தடுக்கும் மருந்து, இவற்றோடு வேளை தவறாமல் செய்த ஆபரேஷனுக்கும் அந்த இறக்கத்தில் பங்கு உண்டு. ஆபரேஷனில் பெற்றவளைக் குறைத்துப் பேசும்போது இதையும் நினைக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், 21 விழுக்காடு, சிசேரியனில் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது 44.9 விழுக்காடு, அங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. இத்தனை தேவையா என்று கேட்பது நியாயம்தான், அதைத் தனியாகவே எழுத வேண்டும். இன்று நம் வீட்டு அறையில் படுத்திருக்கும் பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவள் எப்படி எழுந்து நடமாடுவாள் என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் நாள், முதல் அடி

சுகப்பிரசவமான தாய் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவாள். சிக்கல் ஏதுமில்லை என்றால் மறுநாளே வீடு. கருப்பை சுருங்கும் வலி, பாலூட்டும்போது இன்னும் இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது மூன்றாவது பிள்ளை என்றால் அது இன்னும் கூடுதலாக இருக்கும்.

சிசேரியனில் தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்றின் உள்ளுறை, கருப்பை என்று வரிசையாகத் திறக்கிறார்கள். வயிற்றுத் தசையை வெட்டுவதில்லை, நடுவில் விலக்குகிறார்கள். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விலகச் சில மணி நேரமாகும். சிறுநீர்க் குழாய் மறுநாள் வரை இருக்கலாம். அந்த ஊசியால்தான் ஆயுசுக்கும் முதுகுவலி என்று நம்மில் பாதிப்பேர் நம்புகிறோம். நீண்டகால முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. குனிந்து குழந்தையைத் தூக்குவதும், வளைந்து உட்கார்ந்து பாலூட்டுவதும், தளர்ந்துபோன வயிற்றுத் தசையும் தரும் வலி அது. நூறில் ஒருவருக்கு ஊசிக்குப் பிறகு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும் தலைவலி வரலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது, சொன்னால் போதும்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ மிஸ்ஸி வந்து "எழுந்திருங்க" என்பார். கூட இருக்கும் அம்மாவுக்குப் பகீரென்றிருக்கும். நேற்று வயிற்றைத் தைத்தவளை இன்று நடக்கச் சொல்கிறார்களே என்று தோன்றும். எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழும்ப முயன்றால் தையல் முழுவதும் இழுபடும். முதலில் முழங்கால்களை மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, பக்கவாட்டில் புரள வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றித் தள்ளினால் உடம்பு தானாக நிமிரும். ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து மூச்சு விட்டபின் நிற்கலாம். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையைத் தையல்மேல் வைத்து இரு கையாலும் அழுத்திக்கொள்ள வேண்டும். வயிறு கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் இருமலை அடக்குகிறவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டும். அப்பா, அண்ணன் தம்பி, கணவன் என்று வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப மாட்டார்கள்.

வாயு பிரிந்ததா என்று மிஸ்ஸி கேட்கும்போது வெட்கப்பட வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு குடல் கொஞ்ச நேரம் சோர்ந்து கிடக்கும். அந்த உப்புசத்தின் வலி சிலருக்குத் தையல் வலியையே தோற்கடிக்கும். சூயிங்கம் மெல்லுவது குடலைச் சீக்கிரம் எழுப்புகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பாய்வு 2016இல் சொன்னது.

வெளியே தெரியாத தையல்

சுகப்பிரசவத் தாயை நாம் கவனிக்கத் தவறும் இடமும் ஒன்று உண்டு. நார்மல் என்று கேட்டதும் அவளுக்குக் காயமே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். முதல் பிரசவத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் கீழே சிறிதோ பெரிதோ கிழியும், அல்லது டாக்டரே சிறு வெட்டு வைத்துத் தைப்பார். கிழிசலை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம், நான்காம் படிக் கிழிசல் மலவாய்த் தசை வரைக்கும் போகும். பிரிட்டிஷ் கணக்கில் அது, முதல் பிரசவம் அடுத்த பிரசவம் எல்லாம் சேர்த்து, நூற்றுக்கு மூன்று பேருக்கு. வயிற்றுத் தையலை ஆளுக்கு ஆள் விசாரிப்பார்கள். இந்தத் தையலைப் பற்றிப் பெற்ற தாயே மகளிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள்.

உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாலூட்டுகிறவளைப் பார்த்தால் அங்கே வலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கழிப்பறை போனபின்னும் முன்னிருந்து பின்னாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மெல்ல ஒற்றி உலர்த்தினால் போதும். கரையும் நூல் சில வாரங்களில் தானே போய்விடும். பழைய வீடுகளில் இன்னும் குந்தி உட்காரும் கழிப்பறைதான். வலி ஆறும்வரை பக்கத்து வீட்டிலாவது உட்காரும் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தால் அவளுக்குப் பெரிய நிம்மதி.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவது சுகப்பிரசவத்துக்குப் பின் கூடுதல். பிற்காலத்தில் கருப்பை இறங்கும் வாய்ப்பும் சிசேரியனைவிட இதில்தான் அதிகம். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று பாட்டி முதல் பேத்தி வரை சகித்துக்கொண்டே வந்திருக்கிறோம். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தளத் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விடும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். இது சகித்துக்கொள்ள வேண்டிய நோயே இல்லை. சிசேரியன் தாயும் ஒன்பது மாதம் அதே தசைமேல்தான் பாரம் சுமந்தாள், அவளுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும்.

உதிரப்போக்கு இருவருக்கும் பொது. ஆபரேஷனில் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டார்கள், இனி ரத்தம் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை நிறம் மாறிக் குறைந்துகொண்டே வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், நாற்றம் எடுத்தால், எந்தப் பிரசவமானாலும் உடனே ஆஸ்பத்திரி.

பாட்டியின் பத்தியம்

நம் வீட்டுப் பத்தியத்தில் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. தாயைச் சமையலிலிருந்தும் துணி துவைப்பதிலிருந்தும் முப்பது நாளோ நாற்பது நாளோ விலக்கி வைத்தது பெரிய காரியம். மலாய்க்காரர்கள் பந்தாங் என்று 44 நாள் வைப்பதும் இதே அறிவுதான். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, நாட்டுக்கோழி, முட்டை எல்லாம் புரதமும் தெம்பும் தருபவை. ரத்தம் இழந்து, தசை ஒட்ட வேண்டிய உடம்புக்கு அவை இரட்டிப்பு அவசியம். ஹருவான் என்று இங்கே சொல்லும் விரால் மீனை ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூன்று இனத்தாரும் தேடிக் கொடுக்கிறோம். சிசேரியன் தாய்மாருக்கு ஹருவான் சாறு கொடுத்துப் பார்த்து 2015இல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்றில் வலி குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை, தழும்பின் தோற்றம் மட்டும் சற்று மேம்பட்டது. நல்ல மீன், தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி வலி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தண்ணீரில்தான் நாம் தவறுகிறோம். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், காய்கறியும் பழமும் குளிர்ச்சி என்று இரண்டையும் குறைத்துவிடுகிறோம். பாலூட்டுகிறவளுக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரும் நாருமில்லாத சாப்பாட்டின் பலன் மலச்சிக்கல். கீழே தையல் உள்ளவள் முக்கும்போது உயிர் போய் உயிர் வரும், வயிற்றில் தையல் உள்ளவளுக்கும் அதே கதிதான். இரும்புச் சத்து மாத்திரை சிக்கலை இன்னும் கூட்டும். பத்தியச் சாப்பாட்டோடு முருங்கைக் கீரையும் பப்பாளியும் கேட்கும்போதெல்லாம் வெந்நீரும் கொடுத்தால் பத்தியம் கெட்டுப் போகாது.

அடுத்தது வயிற்றுக்கட்டு. பெங்கோங்கோ பழைய வேட்டியோ, கட்டிக்கொண்டால் ஆபரேஷனான தாய்க்கு நடக்கத் தெம்பாக இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எலாஸ்டிக் பெல்ட்டும் அதற்குத்தான். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தம் முழுவதும் கீழ்நோக்கி இறங்கும், பிள்ளை பெற்றுத் தளர்ந்த அடித்தளத் தசைக்கு அது கெடுதல். ஆபரேஷன் காயம் உலர்ந்து, மிஸ்ஸி பார்த்துச் சரி என்ற பிறகு, துவைத்து உலர்த்திய துணியை விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டலாம்.

சூட்டு ஒத்தடம் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சுட்ட கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் உருட்டும் துங்கு, பிள்ளை பெற்றவள் வயிற்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வாரி அடிக்கும் நம் வழக்கம், இரண்டும் சிசேரியன் வயிற்றுக்கு ஆகவே ஆகாது. தையலைச் சுற்றியுள்ள தோலில் நரம்பு அறுபட்டு உணர்ச்சி மங்கியிருக்கும். அந்த மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். சுடுகிறது என்று அவளால் சொல்ல முடியாது, தோல் பொங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இளஞ்சூட்டு நீரில் குளித்து, தையல் மடிப்பை நன்றாக ஒற்றி எடுத்தாலே போதும். மஞ்சளும் வேப்பிலையும் நீரில் போடலாம், தையல் வாயில் அரைத்துப் பூசக் கூடாது. எண்ணெயும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, படுத்தே கிடப்பது. பிள்ளை பெற்றவளின் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். ஆபரேஷன் அதை இன்னும் கூட்டும். கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். மலேசியாவில் 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக விசாரித்துக் காரணம் தேடும் முறை இருக்கிறது. அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் இந்த அடைப்பும் ஒன்று. ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்து பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திடீரென வாங்கினாலோ, இரவானாலும் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே. ஓய்வு வேண்டும், மணிக்கொரு முறை எழுந்து வீட்டுக்குள் நடக்கவும் வேண்டும்.

பிராந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பு சூடாகும் என்று சில வீடுகளில் இன்னும் ஒரு மூடி கொடுக்கிறார்கள். அது பாலில் கலந்து பிள்ளைக்குப் போகிறது, டிரமடோல் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் தாய்க்கும் ஆபத்து.

சர்க்கரை நோய் நம் இனத்தில் எவ்வளவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை, இந்தியர்களில் மட்டும் 31.4. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியவளுக்குப் பிள்ளை பெருத்து, ஆபரேஷன் ஆகும் வாய்ப்பு கூடும். தையலில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். கருப்பட்டி போட்ட மருந்து உருண்டையை அவளுக்கும் கொடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

வாசலில் மிஸ்ஸி

இந்த நாட்டில் கிளினிக் தாதி பிள்ளை பெற்றவள் வீடு தேடி வருகிறார். பல பணக்கார நாடுகளிலும் இவ்வளவு முறையாக இது நடப்பதில்லை. முதல் நான்கு நாள், பிறகு 6, 8, 10, 20ஆம் நாள் என்பது கணக்கு. ஆஸ்பத்திரியில் இருந்த நாள் போக மீதி நாளில் வீட்டுக்கு வருவார். காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்ப்பார். தொப்புளுக்குக் கீழே அழுத்திக் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பேடைக் காட்டச் சொல்வார், தையலைப் பார்ப்பார், கெண்டைக்காலைத் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று கவனிப்பார். ஆபரேஷன் தையலில் சீழ் வைப்பது பெரும்பாலும் நாலாம் நாளுக்குப் பிறகு, அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. அந்த நேரத்தில் வாசலில் நிற்பவர் இவர்தான். தாய் தூங்குகிறாள், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடாதீர்கள். புக்கிட் காத்திலில் பதிந்தவள் பிரசவத்துக்கு அலோர் காஜாவிலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள் என்றால் அங்குள்ள கிளினிக்கிலும் முன்பே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஸ்ஸி ஒரு வீட்டிலும் தாய் இன்னொரு வீட்டிலும் இருப்பார்கள்.

மனசையும் மிஸ்ஸியிடம் சொல்லலாம். நான்கைந்து நாள் அழுகை வந்து போவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் விடியும்போதே துக்கம் தொண்டையை அடைத்தால் அது நோய், மருந்து உண்டு. வலியோடு போராடிக் கடைசி நேரத்தில் அவசர ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்டவள் இதில் கூடுதல் கவனத்துக்குரியவள். தான் தோற்றுவிட்டதாக அவள் நினைப்பதற்கு அந்த நார்மலா ஆபரேஷனா கேள்வியும் ஒரு காரணம்.

98 நாள்

மாதம் திரும்பியதும் பிள்ளையை ஆயக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் பால்வாளியைத் தூக்கியவர்கள் நம் பாட்டிமாரில் பலர். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் திருத்தம் வந்து, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தகப்பனுக்கும் 7 நாள் கிடைத்தது. தகப்பன் ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. சட்டம் சுகப்பிரசவம், ஆபரேஷன் என்று பேதம் பார்ப்பதில்லை. நான் அதை நல்லது என்பேன். வயிற்றுத் தசையுறை ஆறு வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டுகிறது. வெளியே தையல் ஆறி அழகாகத் தெரிவதை வைத்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. ஆறு வாரம் வரை பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, மூத்த பிள்ளை எல்லாம் அதில் சேரும். மோட்டார் சைக்கிளும் அதுவரை வேண்டாம்.

அந்த 7 நாளைத் தகப்பன் எப்படிச் செலவழிக்கிறான் என்பதில் நிறைய இருக்கிறது. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டு உபசரிப்பது போதாது. இரவில் பிள்ளையைத் தூக்கி வந்து தாயின் பக்கத்தில் படுக்க வைப்பது, பால் குடித்தபின் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, நாப்பி மாற்றுவது, இவற்றைச் செய்தால் ஆபரேஷன் ஆனவள் இரவில் எத்தனையோ முறை கட்டிலிலிருந்து எழுவது மிச்சம். சொந்தமாக நாசி லெமாக் கடை வைத்திருப்பவளுக்கும் வீட்டில் பலகாரம் செய்து விற்பவளுக்கும் இந்த 98 நாள் கிடையாது. அவர்களுக்கு வீட்டு ஆட்கள்தான் சட்டம்.

அடுத்த பிள்ளை

சிசேரியனின் முழுக் கணக்கு அடுத்த கர்ப்பத்தில்தான் தெரியும். ஒருமுறை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷன் என்பது பழைய பேச்சு. ஒரே ஒரு சிசேரியன், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, வேறு சிக்கலில்லை என்றால் சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு வெற்றி பெறுகிறார்கள். பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200இல் ஒருவருக்கு. அதனால் இந்த முயற்சி ஆபரேஷன் அறையும் ரத்தமும் தயாராக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நச்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பது ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே இறங்கியிருக்கும் தாய்க்கு, முதல் சிசேரியனின்போது இந்த ஆபத்து நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கண்டது. அப்படி ஒட்டிக்கொண்டால் பலருக்குக் கருப்பையையே எடுக்க நேரிடும். நாலைந்து பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படும் குடும்பம் முதல் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம் இது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் இரண்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒரு மாதப் பரிசோதனையிலேயே பேசி முடித்துவிடலாம்.

ஆபரேஷன் ஆனவள் வீட்டுக்குக் கிளம்புமுன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதற்காக ஆபரேஷன் செய்தீர்கள்? கருப்பையில் வெட்டு எங்கே, எப்படிப் போட்டீர்கள்? அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா? வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதை வைத்து உள்ளே கருப்பையின் வெட்டும் குறுக்கே என்று சொல்லிவிட முடியாது. பதிலைத் தாயின் கிளினிக் பதிவேடான இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதி வாங்கி, பிறந்த சூராவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டு கழித்து, நடுராத்திரியில் வலியெடுத்து வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால், முகம் தெரியாத டாக்டர் முதலில் கேட்கப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.